சுவரில்லாத அரங்கு

ஆரணியிலிருந்து மேற்கே, சவ்வாது மலையடிவாரம் நோக்கிச் செல்வோர் படவேட்டை அடைவர். படைவீடு என்பது அதன் பழைய பெயர். சம்புவராயர்கள் அங்கே கோலோச்சினார்கள். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விசயநகரத்துக் குமார கம்பணனின் படைமுன் அவ்வரசு பணிந்தது. பிற்காலத்தில், 1989ஆம் ஆண்டில், வட ஆர்க்காடு மாவட்டத்தைப் பிரித்தபோது புதிய மாவட்டத்திற்குத் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்றே முதலில் பெயரிட்டனர். இன்று படவேட்டிற்குப் புகழ் இரேணுகாம்பாள் கோயிலால். ஆரணிக்குப் புகழ் பட்டுத் தறியால். மன்னர் கூத்துக் கண்டு மகிழ்ந்த மண்டபங்களை நாம் தேடினால் கிடைப்பது அரிது.

ஆயினும், மாணவ அன்பர்களே, இந்த நிலப்பகுதியில் அரங்கு ஒன்று அழியாமல் நின்றிருக்கிறது. அதற்குச் சுவர் இல்லை; கூரை இல்லை; வாயிற்காவலன் இல்லை; நுழைவுச் சீட்டும் இல்லை. மாலையில் வெறும் வெளியாகக் கிடக்கும் இடம் இரவில் அத்தினாபுரம் ஆகிறது. மறுநாட் காலையில் ஆடுகள் அதன்மேல் நடந்து செல்கின்றன. தெருக்கூத்து ஆடும் களத்தையே குறிப்பிடுகிறேன். கட்டடமே இல்லாத ஒன்றிற்கு வரலாறு எப்படி எழுதுவது என நீங்கள் வினவலாம். எழுதலாம். என்னை? அரங்கு என்பது கல்லும் மரமும் மட்டுமன்று. ஆடுவோரும் காண்போரும் செய்துகொண்ட ஓர் உடன்பாடு அது. அந்த உடன்பாட்டிற்கு இப்பகுதியில் மிகப் பழைய சான்றுகள் உள்ளன.

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் என்னும் ஊரில் கிடைத்த செப்பேடு ஒன்று முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. ஊர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென ஒரு பங்கு ஒதுக்கப்பட்டதை அது கூறுகிறது. கோயில் விளக்குக்கும் நீருக்கும் செலவு வகுத்தது போலவே, கதை சொல்வதற்கும் செலவு வகுத்தார்கள் என்பதே இங்கு நாம் கருதத் தக்கது. சோழர் காலத்துக்கு வருவோமாயின், 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இரண்டாம் இராசேந்திரன் ஆட்சியில், தஞ்சைப் பெரியகோயில் வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுதற்காகத் திருவாலன் திருமுதுகுன்றன் என்னும் சாந்திக்கூத்தனுக்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் அளக்க ஏற்பாடாயிற்று. அக்கூத்தன் ஆடிய நாடகம் நமக்குக் கிட்டவில்லை; அவன் பெற்ற நெல்லின் கணக்கு மட்டும் கல்லில் நிலைத்தது. கலையின் வரலாற்றை அறிய விரும்புவோர் செய்யுளோடு நெற்கணக்கையும் படிக்க வேண்டும்.

நமது வட ஆர்க்காட்டுப் பகுதியில் அந்த உடன்பாடு திரௌபதியம்மன் விழாவில் உருப்பெற்றது. ஊரார் வரி போட்டுப் பணம் திரட்டுவர். பகலில் பிரசங்கியார் ஒருவர் வில்லிபுத்தூராரின் பாரதத்தைப் பாடிப் பொருள் சொல்லுவார். இரவில் கூத்தர் அதே கதையை ஆடிக் காட்டுவர். பல நாட்கள் இவ்வாறு நடக்கும். பகலில் செவியால் கேட்டதை இரவில் கண்ணால் காண்பதாகிய இந்த ஏற்பாடு, எழுத்தறியாத பெருமக்களுக்குப் பள்ளியாகவும் கல்லூரியாகவும் விளங்கிற்று எனின் மிகையாகாது. வில்லியாரின் விருத்தங்களைப் புத்தகம் தொடாமலே ஒப்பிக்கும் உழவர் பலர் அப்பள்ளியில் தேறியவர்களே.

களத்தின் அமைப்பைச் சற்றே விரிவாகக் கூறுவேன். ஒரு புறத்தில் விசிப்பலகை போட்டு வாத்தியக்காரர் அமர்வர். மத்தளம், தாளம், முகவீணை என்பவை பழைய கருவிகள். ஆர்மோனியம் பின்னர் வந்து சேர்ந்தது. மற்ற மூன்று புறத்திலும் மக்கள் தரையில் அமர்வர். ஒளிக்கு முதலில் எண்ணெய் ஊற்றிய தீவட்டி, பின்னர் பெட்ரோமாக்ஸ் விளக்கு, அதன்பின் மின்விளக்கு. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஊர்க்கோடிவரை கேட்க வேண்டியிருந்தமையால் கூத்தர் உச்சக் குரலில் பாடுவதைப் பழக்கமாக்கிக் கொண்டனர். சபைகளில் மெல்லிசை கேட்டுப் பழகியோர் இதனைக் கூச்சல் என்று இகழ்ந்ததுண்டு. திறந்த வெளியில், எதிர்க்காற்றில், விடியும்வரை ஒரு சொல்லும் சிதையாமற் பாடிப் பார்த்தால் அதன் அருமை அவர்களுக்கு விளங்கும்.

முக்கிய வேடங்கள் நேரே களம் புகுவதில்லை. இருவர் ஒரு திரையைப் பிடித்து நிற்பர். திரைக்குப் பின்னிருந்து சலங்கை ஒலிக்கும், கிரீடத்தின் முனை தெரியும், பாட்டு எழும், பின்பாட்டுக்காரர் அதனை வாங்கிப் பாடுவர். துரியோதனன் தன் பெருமையைத் திரைக்குப் பின்னிருந்தே பாடி முடித்து, அவையோர் ஆவல் பொறுக்கமாட்டாத நிலையிலேதான் வெளிப்படுவான். அவன் தலையிலும் தோளிலும் அணிந்திருப்பவை இலேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டிய அணிகள். தீவட்டியின் அசையும் ஒளி அந்தக் கண்ணாடிகளிற் பட்டுச் சிதறும்போது, முன்னர்ச் சந்தையில் கண்ட மனிதரே அவர் என்பதை ஒருவரும் நினைப்பதில்லை. இவ்வளவு பெருமைக்கும் இடையே கட்டியங்காரன் புகுந்து அரசனை ஏளனம் செய்வான். அவ்வூர்ச் செய்தியைச் சொல்லிச் சிரிக்க வைப்பான். அரசனும் அதனைப் பொறுத்தே ஆக வேண்டும்!

கூத்து களத்திற்குள் அடங்கி நிற்பதும் இல்லை. அருச்சுனன் தவத்தின்போது நெடிய மரம் ஒன்றை நட்டு, வேடக்காரர் பாடிக்கொண்டே அதன்மேல் ஏறுவார். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் கீழே எறிவார். மகப்பேறு வேண்டும் பெண்டிர் மடியேந்தி நிற்பர். இறுதி நாளில் படுகளம். மண்ணால் செய்த துரியோதனனின் பேருருவம் வெளியில் கிடக்கும், வீமனும் துரியோதனனும் அதைச் சுற்றிப் போரிடுவர், தொடை பிளக்கப்படும், திரௌபதி கூந்தல் முடிப்பாள். அன்று மாலை ஊரார் தீமிதிப்பர். நாடகம் எங்கே முடிந்தது, வழிபாடு எங்கே தொடங்கிற்று என்று கோடு கிழித்துக் காட்ட யாராலும் இயலாது.

இவ்விரண்டும் ஒன்றாதலை மிகக் கூர்மையாகக் காட்டுவது துகிலுரியும் இரவு. துச்சாதன வேடம் பூண்டவர் திரௌபதியின் சேலையைத் தொட வேண்டிய கட்டம் வந்ததும் ஆட்டம் நிற்கும், சூடம் ஏற்றப்படும், வேடக்காரர் தம் வேடத்தினின்று விலகி, தாம் செய்யப்போகும் செயலைப் பொறுத்தருளுமாறு அம்மனை வேண்டுவார். அதன்பின்னரே சேலையைப் பற்றுவார். திரௌபதி வேடத்திலிருப்பவரும் ஓர் ஆடவரே என்பது அனைவர்க்கும் தெரியும். தெரிந்தும் ஊர் நடுங்குகிறது. மேடையும் திரைச்சீலையும் வரிசை நாற்காலிகளும் உள்ள அரங்கில், காண்போருக்கும் அச்செயலுக்கும் இடையே ஒரு தூரம் உண்டு. அந்தத் தூரம் அவர்களுக்குப் பாதுகாப்பு. களத்திலோ அதே புழுதியில்தான் எல்லோரும் அமர்ந்திருக்கிறார்கள். பெண்ணொருத்தி அவையில் மானபங்கம் செய்யப்படுகையில் பெரியோர் வாய்மூடி இருந்தனர் என்ற கதையை, பெரியோர் சூழ அமர்ந்திருக்கும் ஓர் ஊர் அவையிலேயே ஆடிக் காட்டுவது எத்துணைத் துணிவான செயல் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இத்தகைய கலையைக் கற்றவர் கைவிட்ட காலம் ஒன்று வந்தது. 1880களில் சென்னையில் விக்டோரியா பொது மண்டபம் எழுந்தது. 1891ஆம் ஆண்டில் பெல்லாரியிலிருந்து வந்த நாடகக் குழுவொன்றின் தெலுங்கு நாடகத்தைக் கண்டார் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர். தமிழில் அதுகாறும் ஆடப்பட்டவற்றை வெறுத்திருந்த அவர், நாடகம் இவ்வளவு மதிப்புடையதாகவும் இருக்கலாமா என வியந்து, அதே ஆண்டில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். அவரே பம்மல் சம்பந்த முதலியார். அவருடைய தொண்டு பெரிது. வழக்கறிஞரும் கற்றோரும் கூசாமல் மேடையேறியது அவரால் நேர்ந்தது. ஆயினும் அந்த வெற்றியின் மறுபக்கத்தையும் நாம் காண வேண்டும். நாடகம் என்றால் மேடை, திரை, மூன்று மணி நேரம், சீட்டு என்ற எண்ணம் நிலைபெற்றது. தெருவில் ஆடுவது கீழானது என்ற எண்ணமும் அதனுடனேயே வேரூன்றிற்று. ‘கூத்தாடி’ என்னும் சொல் வசைச்சொல்லாயிற்று.

ஒரு நாடகத்தைக் கண்டதால் கூத்தினின்று விலகியது 1891. அதற்கு ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், ஒரு கூத்தைக் கண்டதால் நேர் எதிர்த் திசையில் திரும்பியவர் ந. முத்துசாமி. தஞ்சை மாவட்டத்துப் புஞ்சையில் 1936இல் பிறந்தவர். ‘எழுத்து’ இதழ் வழியே சிறுகதையாளராக அறியப்பட்டவர். 1960களின் இறுதியில் ‘காலம் காலமாக’ என்னும் நாடகம் எழுதிப் புதுமைக்கு வழிகோலியவர். மேனாட்டுப் புதிய நாடகத்தில் நாட்டம் கொண்டிருந்த அவர், 1970களின் நடுவில் செய்யாற்றை அடுத்த புரிசை என்னும் சிற்றூரின் நடேச தம்பிரான் ஆடக் கண்டார். உடம்பையும் குரலையும் இவ்வளவு பெரிதாகப் பயன்படுத்தும் நடிப்பு தம் நாட்டிலேயே இருக்க, தாம் எங்கோ தேடிக்கொண்டிருந்ததை அவர் உணர்ந்தார். 1977இல் சென்னையில் அவரும் நண்பர்களும் தொடங்கிய அமைப்புக்குக் கூத்துப்பட்டறை என்று பெயர். இகழப்பட்ட ‘கூத்து’ என்னும் சொல்லைத் தலையில் சூட்டிக்கொண்டார்கள். கொல்லனும் தச்சனும் உழைக்கும் ‘பட்டறை’ என்பதை அதனோடு சேர்த்தார்கள். அப்பெயரே ஒரு கொள்கை விளக்கம்.

புரிசைத் தம்பிரான் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடி வருபவர்கள். அவர்களுள் கண்ணப்ப தம்பிரான் கூத்துப்பட்டறை நடிகர்க்கு ஆசிரியராகவும் இருந்தார். பசுபதி, கலைராணி முதலிய நடிகர்கள் திரைப்படத்தில் பெயர் பெறுமுன் அந்தப் பட்டறையில் உருவானவர்கள். கொடுக்கல் ஒருவழிப்பட்டதாக இல்லை என்பதும் இங்கே குறிக்கத்தக்கது. செருமானிய நாடகாசிரியர் பிரெக்டின் காக்கேசிய வெண்கட்டி வட்டத்தையும், கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்கேசின் பெருஞ்சிறகு முளைத்த கிழவனின் கதையையும் புரிசைக் கூத்தர் கூத்தாக்கி ஆடினர். மழைநாளில் சிறகுடன் விழுந்துகிடக்கும் கிழவனை ஊரார் கோழிக்கூட்டில் அடைத்து வேடிக்கை பார்க்கும் அக்கதை, ஊர்ப்புறத்தை நன்கு அறிந்த கூத்தருக்கு அயலாகத் தோன்றியிராது.

இனி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டும். பாரிசு நகரத்தின் கிழக்கே வென்சேன் காட்டில் பழைய தோட்டாத் தொழிற்சாலை ஒன்று உண்டு. பிரெஞ்சு இராணுவத்துக்குத் தோட்டா செய்த இடம் அது. 1964இல் அரியான் முனூஷ்கின் என்னும் அம்மையார் தம் நண்பர்களுடன் தோற்றுவித்த ‘சூரிய நாடகக் குழு’ 1970இல் அங்கே குடியேறியது. கைவிடப்பட்ட கொட்டகைகளை அவர்களே துப்புரவு செய்தனர். பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிய ‘1789’ என்னும் நாடகத்தை அங்கே ஆடினர். பல மேடைகளுக்கு நடுவே மக்கள் நின்றுகொண்டு பார்த்தார்கள். குழுவில் இயக்குநர் முதல் எல்லோர்க்கும் ஒரே ஊதியம். இயக்குநராகிய அம்மையாரே வாயிலில் நின்று சீட்டைக் கிழிப்பதுண்டு. நடிகரே உணவு பரிமாறுவதுண்டு. அவர்கள் ஒப்பனை செய்துகொள்வதை வருவோர் எட்டிப் பார்க்கலாம். ஐரோப்பியர் இதனை விந்தை என்று எழுதினர். நமக்கோ இதில் வியப்பில்லை. மூங்கில் தட்டியின் இடுக்கில் கண்ணை வைத்து, அரிதாரம் பூசும் கர்ணனைப் பார்த்து வளராத சிறுவர் நம் கூத்தூர்களில் உண்டோ?

தோட்டாத் தொழிற்சாலையும் செய்யாற்றுப் புழுதியும் சந்தித்தது 2016இல். 2015 நவம்பரில் பாரிசில் பயங்கரவாதிகள் இசையரங்கிலும் உணவகங்களிலும் புகுந்து 130 பேரைக் கொன்றனர். அந்தத் துயரத்துக்குப்பின், நாடகம் என்பதற்கு இனிப் பொருள் உண்டா என்னும் வினா அக்குழுவினரை வாட்டிற்று. 2016இன் தொடக்கத்தில் அவர்கள் புதுச்சேரிக்கு வந்து தங்கினர். கண்ணப்ப தம்பிரானின் மகன் சம்பந்தன் அவர்களுக்குக் கூத்துப் பயிற்றினார். அவ்வாண்டு நவம்பரில் ‘இந்தியாவில் ஓர் அறை’ என்னும் நாடகம் வென்சேனில் அரங்கேறியது. இந்தியாவில் சிக்கிக்கொண்ட ஒரு பிரெஞ்சு நாடகக் குழு, இயக்குநர் ஓடிப்போனார், உதவியாளராகிய பெண் என்ன ஆடுவதென்று தெரியாமல் கனவுக்குமேல் கனவு காண்கிறாள். அக்கனவுகளின் நடுவே கிரீடமும் சலங்கையும் அணிந்து துச்சாதனனும் திரௌபதியும் புகுகின்றனர். கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் புகுகின்றனர். பல நாட்டு நடிகர் கூடிய அக்குழு, அந்தப் பகுதிகளைத் தமிழிலேயே பாடி ஆடிற்று. 2017 திசம்பரில் அந்நாடகம் நியூயார்க் நகரிலும் ஆடப்பட்டது.

இதைக் கேட்டு நாம் பெருமிதம் கொள்வது இயல்பே. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு. நகரத்து அரங்கிற்கும் அயல்நாட்டு விழாவிற்கும் செல்லும் கூத்து இரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டியதாகிறது. விடியவிடிய ஆடுவதற்கென்று அமைந்த கலையில் எதைக் கழிப்பது? கதையைக் கழிக்க இயலாது. ஆகவே திரைக்குப் பின் நிகழும் நெடும்பாட்டும், கட்டியங்காரனின் உள்ளூர்ப் பேச்சும், சூடம் ஏற்றி நிற்கும் அந்தக் கணமும் முதலில் போய்விடுகின்றன. இவையே களத்தைக் களமாக்கியவை. சிறு கூத்தால் நன்மையே இல்லை என நான் கூறவில்லை; கலைஞருக்கு ஊதியமும் மதிப்பும் அதனால் வந்தன. எனினும் இரண்டும் ஒன்றே என்று கொள்வது தவறு.

பெயரிலும் ஒரு வழக்கு உண்டு. ‘தெரு’ என்னும் அடை தம் கலையைத் தாழ்த்துகிறது எனக் கருதிய கூத்தர் சிலர், மரத்தாலாகிய அணிகலனைக் கொண்டு ‘கட்டைக்கூத்து’ என்றே வழங்க விரும்பினர். பெ. இராசகோபாலும் நெதர்லாந்திலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த அன்னே டி புருயினும் சேர்ந்து 1990இல் உருவாக்கிய சங்கம் இப்பெயரை நிலைநிறுத்திற்று. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் அவர்கள் 2002 முதல் 2020 வரை நடத்திய குருகுலத்தில் பள்ளிப்படிப்பும் கூத்தும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. ஆடவரே திரௌபதியாக ஆடிவந்த கலையில், சிறுமியர் அங்கே திரௌபதி வேடம் மட்டுமன்று, துரியோதன வேடமும் கட்டினர். தெருக்கூத்து என்பாரும் தம் சொல்லை விட்டுக்கொடுக்கவில்லை. தெரு என்பது ஊரார் அனைவர்க்கும் பொதுவான இடம். அதில் இழிவு என்ன என்பது அவர் வாதம். என் மனம் இந்த வாதத்தின் பக்கமே சாய்கிறது. ஆயினும், அச்சொல்லால் அவமதிப்புற்றவர் அதனை வெறுத்தால் அவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

கண்ணப்ப தம்பிரான் 2003இல் காலமானார். அவர் நினைவாகப் புரிசையில் விழா எடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. சென்னையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் நவீன நாடகக் குழுவினர் அங்கே சென்று, புரிசை மக்களின் முன் ஆடுகின்றனர். இருட்டிய அரங்கில், இருமல் ஒலியும் எழாத அமைதியில் நடித்துப் பழகியவர்களுக்கு அது எளிய தேர்வன்று. குழந்தைகள் பாயில் உறங்கும். பெரியவர் ஒருவர் உரக்கக் கருத்துச் சொல்லுவார். பிடிக்காத இடத்தில் எழுந்து தேநீர் குடிக்கப் போய்விடுவர். நகரத்தார் ஆடி முடித்தபின் திரை பிடிக்கப்படும், முகவீணை ஒலிக்கும், உறங்கிய குழந்தைகள் எழுந்து உட்காருவர்.